எழுபது வளைவும் ஓர் இடதுகாலும்

எழுபதாவது வளைவில் துடிக்கவில்லை. அறுபத்தொன்பதிலும் இல்லை. செம்மேட்டிலிருந்து இரண்டு நாற்பதுக்குக் கிளம்பிய பஸ், சோளக்காட்டில் அன்னாசி மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, கொல்லிமலையை விட்டு இறங்க ஆரம்பித்திருந்தது. செங்கோடன் கிளட்சை மிதித்தான், கியரை இரண்டிலிருந்து ஒன்றுக்குத் தள்ளினான், வளைந்து முடித்ததும் காலை எடுத்தான். எடுத்த பிறகு இடது கெண்டைக்கால் என்ன சொல்கிறது என்று ஒரு நொடி காது கொடுத்தான். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. இருபத்திரண்டு வருஷமாக இந்த மலையை ஏறி இறங்குகிற கால் அது. வளைவுக்கு இரண்டு மிதி என்று வைத்தாலும் எத்தனை லட்சம் மிதி ஆகியிருக்கும், ஒரு மிதி தப்பியதில்லை, வண்டியில் ஒரு கீறல் இல்லை. செங்கோடன் வண்டியில் யாரும் வாந்தி எடுப்பதில்லை என்பது மலை முழுக்கத் தெரிந்த சேதி. காரவள்ளி அடிவாரத்தில் எலுமிச்சம்பழம் விற்கிறவள் இவன் வண்டி வந்தால் எழுந்துகூட வரமாட்டாள், வந்து என்ன பிரயோஜனம். பிள்ளைத்தாய்ச்சியைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் மலைக்காரர்கள் முன்னால் போகிற வண்டியை விட்டுவிட்டு இவன் வண்டிக்காக உட்கார்ந்திருப்பார்கள். இன்றைக்கும் அப்படித்தான். ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் ஒரு பெண், எட்டு மாதம் இருக்கும், பக்கத்தில் அவளுடைய அம்மா வெள்ளையம்மா. ஏறும்போதே வெள்ளையம்மா சொல்லிவிட்டாள், "உங்க வண்டின்னுதான் காலையில இருந்து உக்காந்திருந்தமுங்ணா." அந்த வார்த்தையை அவன் வாங்கி, சட்டைப் பைக்குள் வைப்பதைப்போல உள்ளே வைத்துக்கொண்டான். இதையெல்லாம் எந்த அதிகாரியும் எழுதித் தரமாட்டான். அறுபத்தெட்டு. துடிக்கவில்லை.

அறுபத்தாறில் துடித்தது. முதலில் கெண்டைச் சதையின் வெளிப்பக்கத்தில் ஒரு வெட்டு, தோலுக்கு அடியில் யாரோ விரலால் சுண்டியதைப்போல. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. நீ போ, எனக்கு வேலை இருக்கிறது என்று அவன் காலிடம் சொல்லிப் பார்த்தான், ஆறேழு மாதமாக இப்படித்தான் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. துடிப்பு நின்றால் மரமரப்பு. பாதத்தின் மேல்பக்கத்தில் எறும்பு ஊரும், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் போய்க் கூடு கட்டும். வியாதி ஒன்று, வைத்தியர் ஊர் முழுக்க. கண்டக்டர் மாதேஸ்வரன், "வாயுங்ணா, உருளைக்கெழங்க விடுங்க" என்றான். டீக்கடைக்காரர், "சுகருதான், எங்கண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று பாதிச் சர்க்கரை போட்ட டீயைத் தானாகவே நீட்டினார். மனைவி பாவாயி, வேர்வையில் உப்பெல்லாம் போய்விட்டது என்று மோரில் ஒரு கை உப்பைப் போட்டுக் கொடுத்தாள், குடிக்க முடியாமல் குடித்தான். மைத்துனன் போனில் பார்த்துவிட்டு ஏதோ வைட்டமின் குறைச்சல் என்றான், பிறகு அதே போனில் இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான், அதுதான் பயமாக இருந்தது. அடுத்த வீட்டுப் பெரியவர் பஞ்சாங்கத்தை எடுத்து அங்கத் துடிப்புப் பலன் பார்த்தார். இடதுகால் துடித்தால் பயணம் உண்டாம். தினமும் மலையேறி இறங்குகிறவனுக்கு இதைச் சொல்லக் கால் துடிக்க வேண்டுமா, அட்டவணை போதாதா என்று அவன் சிரித்தான். சிரித்தது வாய்தான். அறுபத்து மூன்று. எதிரில் ஒரு கார், ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்பது தெரியாமல் நடுவில் நின்று முழித்தது. செங்கோடன் ஓரம் கட்டி, அதற்குக் கையால் வழி காட்டிவிட்டான். தெரியாதவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது.

சிரிக்க முடியாத காரணம் ஒன்று இருந்தது, அதை அவன் வெகு நாள் யாரிடமும் சொல்லவில்லை. தாய்மாமன் ராசாக்கண்ணு. நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். அவருக்கும் இப்படித்தான் தொடங்கியது, ஆடுசதையில் ஒரு துடிப்பு. சாப்பிட உட்காரும்போது வேட்டியை விலக்கிக் காட்டுவார், பாருடா மாப்ள, மீனு துள்ளுது என்பார், எல்லோரும் பார்த்துச் சிரிப்பார்கள். அடுத்த வருஷம் சதை கரைந்து எலும்பு தெரிந்தது. அதற்கடுத்த வருஷம் டம்ளரைப் பிடிக்கக் கை வரவில்லை. கட்டிலில் கிடந்தபடி, வாசலில் லாரி போகிற சத்தத்தை வைத்தே என்ன கியரில் போகிறது என்று சொல்வார், பிறகு அதைச் சொல்ல நாக்கும் வரவில்லை. வேட்டியை விலக்கிக் காட்டிய அந்தத் துள்ளலும் இந்தத் துள்ளலும் ஒன்றுதானா. குளிக்கும்போது செங்கோடன் இரண்டு கெண்டைக்காலையும் நூல் வைத்து அளந்திருக்கிறான், ஒரு தடவை அல்ல, வாரம் ஒரு தடவை. நூல் ஒரே அளவைத்தான் காட்டியது. நூலை நம்பலாம். நூல் ஈரத்தில் சுருங்குமோ. அறுபது, ஐம்பத்தொன்பது. கடைசியில் பாவாயி கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய் நாமக்கல்லில் நரம்பு டாக்டரம்மா முன்னால் உட்காரவைத்தாள். சர்க்கரை இல்லை. வைட்டமின் சரி. தைராய்டு சரி. டாக்டரம்மா அவனைக் குதிகாலால் நடக்கச் சொன்னார், நுனிக்காலால் நடக்கச் சொன்னார், சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், பஞ்சால் பாதத்தைத் தடவிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார். மாமனைப் பற்றி அவனே கேட்டான். "அது மாதிரி தெரியலைங்க. சதை கரையல, பலம் நல்லாருக்கு. நரம்பு எங்கயோ அழுங்குது. முதுகுல இருக்கலாம், தொடையில இருக்கலாம். நீங்க வண்டியில எப்படி உக்காருவீங்க?"

எப்படி உக்காருவீங்க. ஐம்பத்தைந்து. கேட்டு இருபது நாளாகிவிட்டது, இன்னும் காதை விட்டுப் போகவில்லை. "சீட்டுலதாங்க," என்று சொன்னான். பொய் இல்லை. உண்மையும் இல்லை. பாவாயி அவனைத் திரும்பிப் பார்த்தாள், மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். இப்போது அவன் உட்கார்ந்திருப்பது சீட்டில் அல்ல, சீட்டின் மேல் கிடக்கிற பலகையில். பூவரசம் பலகை, இரண்டு அங்குல கனம், மேலே பாவாயி தைத்துக் கொடுத்த பச்சை ரெக்சின் உறை. லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் ஓர் ஆசாரியிடம் சொல்லி அறுத்து வாங்கியது. பணிமனையில் வண்டி மாறினாலும் பலகை மாறாது, மஞ்சள் பையில் போட்டுக் கையோடு கொண்டுவருவான், கையோடு கொண்டுபோவான். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் முதுகுக்கு நல்லது என்று பதில். முதுகுக்கு என்ன நல்லது, மண்ணாங்கட்டி. வேலைக்கு எடுக்கும்போது உயரம் நூற்றறுபது சென்டிமீட்டர் வேண்டும் என்றார்கள். சரியாக நூற்றறுபது, அதுவும் அளந்தவர் நல்ல மனுஷர், குதிகாலைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தபடி எழுதிவிட்டார். மலைக்கு வந்த முதல் வாரம், எதிரே ஏறி வந்த வண்டியின் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்னப்பா, வண்டி தானா வருது, ஆளையே காணோம்" என்றான். இரண்டு பஸ்ஸும் சிரித்தன. பயணிகள், கண்டக்டர், கூடையில் இருந்த கோழிகள்கூடச் சிரித்ததாக அவனுக்கு ஞாபகம். அடுத்த வாரம் பலகை வந்தது. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சைப் பேசவில்லை, பேச அவன் விடவும் இல்லை, இருபத்திரண்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினான். ஆனால் அந்தச் சிரிப்பு எந்த வளைவில் நடந்தது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வான். பதினொன்று.

ஐம்பது. நாற்பத்தொன்பது. துடிப்பு நின்றுவிட்டது, அது நல்லதற்கல்ல. நின்றால் அடுத்தது எறும்பு. எறும்பு இன்றைக்குச் சீக்கிரம் வந்தது, பாதத்தோடு நிற்காமல் கணுக்கால் ஏறியது. கண்ணாடியில் அந்தப் பெண் தெரிந்தாள், கண்ணை மூடி அம்மா தோளில் சாய்ந்திருந்தாள், வளைவுக்கு வளைவு அவள் தலை ஆடவே இல்லை. ஆடக் கூடாது, அதுதான் ஓட்டு. ஐம்பத்தெட்டு டிக்கெட் என்று மாதேஸ்வரன் சொன்னான், வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் ஐம்பத்தொன்பது. இந்தக் கால் இப்படியே இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும், கால் சரியில்லை, மலைக்குப் போக முடியாது என்று. எழுதிக் கொடுத்தால் பணிமனை வாயிலில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். போகிற வண்டியின் நம்பரை எழுது, வருகிற வண்டியின் நம்பரை எழுது. நாற்பத்தொன்பது வயதில். நேற்று வந்தவன் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது கையை ஆட்டிவிட்டுப் போவான், அந்தக் கையை வாங்கிக்கொள்ள வேண்டும். அதைவிட மாமனின் கட்டில் தேவலை. சீ, என்ன நினைப்பு இது. நாற்பத்து நான்கு. எழுதிக் கொடுக்காமல் விட்டால்? இருபத்திரண்டு வருஷமும் ஒரு வளைவில் போகும். மலையில் ஒருவன் எத்தனை வளைவு சரியாக வளைத்தான் என்பது கணக்கே இல்லை, தப்பிய ஒன்றுதான் அவன் பெயர். மாத்திரை பத்து நாள் கேட்டது, பிறகு கேட்கவில்லை. நரம்பு எங்கயோ அழுங்குது. எங்கே என்று பாவாயிக்குத் தெரியும். போன மாதம் வெந்நீர் ஒற்றடம் கொடுக்கும்போது தொடையின் பின்பக்கத்தில் விரலை வைத்து, "இங்க ஒரு கோடு இருக்குதுங்க, கன்னிப்போயி, ஸ்கேல் வெச்சுப் போட்டாப்பல" என்றாள். வேட்டி மடிப்பாக இருக்கும் என்று காலை இழுத்துக்கொண்டான். காக்கிப் பேண்ட் போடுகிறவனுக்கு ஏது வேட்டி மடிப்பு. அவள் ஒற்றடத் துணியைப் பிழிந்துகொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள். உறை தைத்தவள் அவள், பலகையின் நீளமும் அகலமும் அவளுக்குத் தெரியாதா. முப்பத்தெட்டு. முப்பத்தேழு. போன ஆவணியில் இந்தப் புது வண்டி வந்தது. சீட்டு பழைய வண்டியைவிடக் குட்டை, பலகை முன்னால் இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது. துடிப்பு எப்போது ஆரம்பித்தது. ஆவணி கடைசி. அதனால் என்ன, மழையும்தான் ஆவணியில் ஆரம்பித்தது. முப்பத்தைந்து.

முப்பத்து மூன்றாவது வளைவில் கால் இல்லாமல் போனது. வலித்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். கிளட்சை மிதித்தான், மிதித்ததாக நினைத்தான், கியரை இரண்டிலிருந்து உருவி ஒன்றுக்குத் தள்ளினான், கரகரவென்று பல்லைக் கடித்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவன் கேட்காத சத்தம், அவன் கையிலிருந்து கேட்காத சத்தம். கியர் எதிலும் இல்லாமல் வண்டி ஓடத் தொடங்கியது. வலதுகால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டது, அந்தக் கால் எப்போதும் சொன்னபடி கேட்கும். குனிந்து பார்த்தான், இடதுபாதம் கிளட்சின் ஓரத்தில் பாதி ஏறி, இன்னொருவனுடைய செருப்பைப்போலக் கிடந்தது. கியரிலிருந்த இடதுகையை எடுத்துத் தன் முழங்காலின் மேல் வைத்து அழுத்தினான். முழங்கால் இறங்கியது, கிளட்ச் இறங்கியது. அதே கையைக் கியருக்குக் கொண்டுபோய்த் தள்ளினான், விழுந்தது. வண்டி ஒரு முனகலோடு அடங்கி வளைந்தது. மொத்தமும் மூன்று நொடி இருக்குமா. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண் தலை சாய்ந்தபடியே இருந்தாள். முப்பத்திரண்டு கண்ணில் தெரிந்தது, அதற்கு முன்னால் சாலை கொஞ்சம் அகலமான இடம், மலைப்பக்கம் ஒதுங்கலாம். ஒதுங்கினால் ஏன் என்று கேட்பார்கள். ஒதுங்காவிட்டால் இன்னும் முப்பத்திரண்டு இருக்கிறது, கையால் முழங்காலை அழுத்தி அழுத்தி இறக்கிவிடலாம், இறக்கிவிட்டால் செங்கோடன் நிறுத்தாமல் இறக்கினான் என்ற பெயர் நிற்கும், யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும், முழங்காலுக்குத் தெரியும். உங்க வண்டின்னுதான் காலையில இருந்து. அவன் ஒதுங்கினான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டான், இன்ஜினை நிறுத்தினான். மலை திடீரென்று அமைதியானது, பின் சீட்டில் யாரோ பேசிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் கேட்டது.

"என்னங்ணா?" என்றபடி மாதேஸ்வரன் முன்னால் வந்தான்.

வாய் வரைக்கும் வந்தது, வண்டி சூடு, பிரேக் வாசனை, எத்தனையோ நல்ல காரணங்கள். "எங்காலு மரத்துப்போச்சு மாதேசு. கிளட்சு தெரியல," என்றான் செங்கோடன். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தான், இன்ஜின் இல்லாததால் ஐம்பத்தெட்டுப் பேருக்கும் கேட்டது. கேட்டால் கேட்கட்டும் என்று திரும்பி உட்கார்ந்து, எல்லோரையும் பார்த்து இன்னொரு தடவை சொன்னான். "கால் சரியில்லைங்க. சரியாகாம வண்டிய எடுக்கமாட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க."

பின்னாலிருந்து ஒருவன் நாமக்கல்லில் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று இழுத்தான். வெள்ளையம்மா எழுந்து நின்று அவன் பக்கம் திரும்பினாள். "அவரு நிறுத்துனாருன்னா காரணம் இருக்கும். உக்காரு." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டான். செங்கோடன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான், கண்ணில் என்னவோ விழுந்துவிட்டது. நிறுத்தாமல் ஓட்டியதற்குத்தான் இத்தனை வருஷமாகப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தானே.

மலை இறக்கத்தில் நின்றால் கண்டக்டர் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் டிரைவர் இறங்குவது. மாதேஸ்வரன் கீழே குதித்து இங்கும் அங்கும் தேடினான். புதிதாகத் தார் போட்டு ஓரமெல்லாம் துடைத்து வைத்திருந்த இடம், கைக்கு அடங்கினாப்போல ஒரு கல் இல்லை. "கல்லக் காணமுங்ணா" என்று குரல் கொடுத்தான். செங்கோடன் உடம்பைச் சற்றுத் தூக்கி, கையைப் பின்னால் விட்டுப் பலகையை உருவினான். சீட்டு மெத்தென்று அவனை உள்ளே வாங்கிக்கொண்டது, ஸ்டியரிங் மார்பிலிருந்து கழுத்துக்கு ஏறியது. பலகையை ஜன்னல் வழியாக நீட்டினான். "இத வையி." மாதேஸ்வரன் வாங்காமல் நின்றான். அந்தப் பலகையை ஒரு நாள் மிதித்துவிட்டதற்கு வாங்கிய திட்டு அவனுக்கு மறக்கவில்லை. "இதுவாங்ணா?" "மரந்தானே, வையி." முன்சக்கரத்துக்கு முன்னால் பச்சை உறையோடு பலகை படுத்தது. செங்கோடன் கதவைத் திறந்து, வலதுகாலை முதலில் ஊன்றி, இடதுகாலைப் பின்னால் இறக்கினான்.

நின்ற கொஞ்ச நேரத்தில் காலுக்கு உயிர் வந்தது, வந்ததே கொடுமை. எறும்பெல்லாம் நெருப்பெறும்பாக மாறித் தொடையிலிருந்து விரல்வரை ஓடின. பல்லைக் கடித்துக்கொண்டு மைல்கல்லைப் பிடித்து நின்றான், உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, வலிக்கிற கால் இருக்கிற கால். கையைப் பின்னால் விட்டுப் பேண்ட்டின் மேலாகத் தொடையைத் தடவினான். கோடு அங்கேதான் இருந்தது, பலகை முடிகிற இடத்தில், அளவெடுத்துத் தைத்ததைப்போல. மரமரப்பு உட்காரும் இடத்திலிருந்து இறங்குகிறது, உட்கார்ந்தால் வருகிறது, எழுந்தால் போகிறது. வண்டி எடுக்காத ஞாயிற்றுக்கிழமை வந்ததே இல்லை. ஆறேழு மாதமாக வாரம் தவறாமல் நூல் வைத்து அளந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கண்ணில் படவில்லை, பார்க்கக் கூடாது என்று இருந்தவனுக்கு எது படும். இது மட்டும்தான் காரணமா, மாமனின் மீனும் எங்கேயாவது உள்ளே இருக்கிறதா, அதை டாக்டரம்மா பார்த்துச் சொல்லட்டும், இந்தத் தடவை எப்படி உக்காருவீங்க என்றால் பலகையைப் பையிலிருந்து எடுத்து மேஜையின் மேல் வைத்துவிட வேண்டும். எரிச்சல் அடங்கியது. அவன் சாலையில் குதிகாலால் பத்தடி நடந்தான். திரும்பி நுனிக்காலால் பத்தடி நடந்தான். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன, அந்தப் பெண் கண் விழித்து, டிரைவர் கரகம் ஆடுவதைப்போல நடப்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். இன்னொரு பத்து நிமிஷம் நின்று, மைல்கல்லை உதைத்துப் பார்த்து, இரண்டு காலும் ஒரே மாதிரி வலிக்கிறதா என்று சோதித்த பிறகுதான் ஏறினான். இன்ஜினைப் போடாமலே கிளட்சை இருபது தடவை மிதித்தான், இருபதும் பாதத்துக்குத் தெரிந்தது.

மாதேஸ்வரன் பலகையை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தான். உறையில் சக்கரத் தடம் விழுந்திருந்தது. "இந்தாங்ணா." "மூட்டையோட வையி, எனக்கு வேண்டாம்." பலகையை மூட்டையின் மேல் சாய்த்துவிட்டு மாதேஸ்வரன் கேட்டான், "லேட்டுக்கு என்னங்ணா எழுதறது?" "டிரைவர் கால் மரத்து நின்னுச்சுன்னு எழுது. உள்ளத எழுது. மிச்சத்த நான் பேசிக்கறேன்." வண்டி கிளம்பியது. சாலை முன்பைவிடக் கிட்டே தெரிந்தது. ஸ்டியரிங்குக்கு மேலாகப் பார்க்கத் தாடையைத் தூக்க வேண்டியிருந்தது, தூக்கினான். முகப்புக்கு அடியில் கொஞ்சம் தரை மறைந்தது, அந்தத் தரையை அவன் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா, ஒவ்வொரு பள்ளமும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தூரத்தில் இருந்தது. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் மெதுவாகவே இறங்கினான். இருபத்தைந்து, இருபத்து நான்கு, பதினேழு. காலுக்குக் காது கொடுக்கிற பழக்கம் போகவில்லை, வளைவுக்கு வளைவு கேட்டான். எங்கோ ஓரத்தில் ஒரே ஒரு துடிப்பு, பிறகு இல்லை.

பதினொன்றில் எதிரே வண்டி. காரவள்ளியில் நாலு மணிக்குக் கிளம்புகிற பஸ், கூட்டமாக ஏறி வந்துகொண்டிருந்தது. அதை ஓட்டி வந்தவன் தமிழ்ப்பிரியன், வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, செங்கோடனுக்கு மலையில் அந்தச் சிரிப்பு நடந்தபோது பால் குடித்துக்கொண்டிருந்திருப்பான். செங்கோடன் ஓரம் கட்டி நின்றான். தமிழ்ப்பிரியன் பக்கத்தில் வந்து, வழக்கமாகத் தலை தெரிகிற இடத்தைப் பார்த்து, அங்கே காணாமல் கீழே தேடிப் பிடித்து, கெட்ட எண்ணம் ஒன்றுமில்லாமல் வாய் நிறையச் சிரித்தான். "என்னங்ணா, வண்டி தானா வருது, ஆளையே காணோம்."

இரண்டு பஸ்ஸும் கேட்டுக்கொண்டிருந்தன. செங்கோடன் காது மடல் சூடாவதற்காகக் காத்திருந்தான், இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சூட்டுக்குப் பயந்துதானே உயரமாக உட்கார்ந்திருந்தான். சூடாகவில்லை. தாடையைத் தூக்கியபடியே அவனைப் பார்த்தான்.

"ஆளு இருக்கறதாலதான்டா நின்னு உனக்கு வழி விடுது. போ."

அந்தப் பக்கம் சிரித்தார்கள், இந்தப் பக்கம் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள், வெள்ளையம்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. ஏறுகிற வண்டி கடந்து போனது. செங்கோடன் கிளட்சை மிதித்தான், அடிவரைக்கும் தெரிந்தது. கியரை ஒன்றில் போட்டுக்கொண்டு பதினொன்றை வளைந்தான்.